தலையில் பொட்டு வைத்த மீன்

பிள்ளைகளின் ஆசைக்கு 2 அடி கண்ணாடித் தொட்டி வாங்கி, வேலம்பாசியும் நட்டாயிற்றா? பாசி தின்னும் என்று கடையில் 'டேங்க் கிளீனர்' மீனைத் தருவார்கள், வாங்காதீர்கள். விரல் நீளத்தில் வருவது ஓர் அடிக்கு மேல் வளரும். தொட்டி போதவில்லையென்று குளத்தில் விட்டால் கரையைக் குடைந்து பெருகும். அதன் முள்ளில் சிக்கி வலையும் கிழியும்.

நெல்வயல் வாய்க்காலில், உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு மின்ன, நீர்மட்டத்தை ஒட்டியே திரியும் 2 அங்குல மீனைப் பார்த்திருப்பீர்கள். பாஞ்சாக்ஸ் இனம் அது. நாலைந்து போதும். கொசுப்புழு என்றால் உயிர். செடிகளில் முட்டையிடும், குஞ்சுகளைத் தானே விழுங்கிவிடும் என்பதால் முட்டையோடு செடியை வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். தொட்டிக்கு மூடி கட்டாயம். எங்கள் வீட்டில் முதல் இரவே இரண்டு துள்ளி விழுந்து தரையில் கிடந்தன.

மருந்தடித்த வயலில் பிடிக்க வேண்டாம். டேங்க் கிளீனரை ஏற்கெனவே வாங்கியவர்கள் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், கிணற்றில்கூட விடாதீர்கள்.