முத்துக்குளித்துறையின் நிலமும் ஊர்களும்

திருச்செந்தூருக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாவின் கரையில் அமைந்த பரதவர் ஊர் ஆலந்தலை. பிரான்சிஸ் சவேரியாரின் 1544ஆம் ஆண்டுக் கடிதங்களில் இவ்வூரின் பெயர் காணப்படுகிறது. இதற்கு வடக்கே திருச்செந்தூரையும் வீரபாண்டியன்பட்டினத்தையும் கடந்தால் காயல்பட்டினம். தெற்கே குலசேகரன்பட்டினம், மணப்பாடு. பரதவரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இக்கரையின் வரலாற்றை நாம் பெரும்பாலும் சமூகவாரியாகப் பிரித்தே படித்து வருகிறோம். ஆயினும், எந்த ஊர் எங்கே தழைத்தது, ஏன் தளர்ந்தது என்பதில் நிலத்திற்கும் பெரும் பங்குண்டு.

வடக்கே வேம்பாறு முதல் தெற்கே பெரியதாழை வரை நீளும் இக்கரையை உருவாக்கியவை மூன்று. முதலாவது, பொதிகையில் பிறந்து சுமார் 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலருகே கடலில் கலக்கும் தாமிரபரணி. இரண்டாவது, திருச்செந்தூர், சாத்தான்குளம் பகுதிகளில் பரந்து கிடக்கும் தேரி எனப்படும் செம்மணல் மேடுகள். மூன்றாவது, கடலடியில் முத்துச்சிப்பிகள் பற்றி வளரும் 'பார்' எனப்படும் பாறைத்திட்டுகள். முத்தும் சங்கும் மக்களைக் கடலுக்கு அழைத்தன. ஆறோ அவர்களுடைய துறைமுகங்களை வண்டலால் தூர்த்தது.

பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கையைக் கிரேக்க நூல்களும் குறிப்பிடுகின்றன. ஆற்று வண்டலால் கடல் பின்வாங்க, அவ்வூர் இன்று பல கிலோமீட்டர் உள்நாட்டில் இருக்கிறது. அதன் இடத்தைப் பெற்றது காயல். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ இதனைச் செல்வம் மிக்க துறைமுகமாக வருணித்தார். ஹுர்முஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகள் இங்கு வந்திறங்கின. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், பாண்டிய மன்னரின் அமைச்சராக விளங்கிய தகீயுத்தீன் அப்துர் ரஹ்மானைக் குறிப்பிடுகிறார். போலோ கண்ட காயல் பழையகாயலே என்பது கால்டுவெல்லின் முடிவு. காயல்பட்டினமே என்போரும் உளர். ஆற்று முகத்தை அடுத்து ஒன்றுக்கு மேற்பட்ட காயல்கள் அமைந்ததே இவ்விவாதத்திற்கு இடமளித்தது.

16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளிப்பின் உரிமை குறித்துப் பரதவருக்கும் முஸ்லிம் வணிகருக்கும் பூசல் மூண்டது. 1536–37இல் பரதவர் திரளாகக் கிறிஸ்தவம் தழுவிப் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைப் பெற்றனர். போர்த்துக்கீசியர் புன்னைக்காயலில் கோட்டை அமைத்தனர். நாளடைவில் முதன்மை தூத்துக்குடிக்குச் சென்றது. 1658இல் அது டச்சுக்காரர் வசமாயிற்று. ஆற்று முகத்திலிருந்து விலகியிருப்பதும், அருகிலுள்ள தீவுகள் அலையைத் தடுப்பதும் அவ்வூருக்கு வாய்த்த நன்மைகள்.

தெற்கே நிலத்தின் இயல்பு வேறு. மணப்பாட்டில் கடலுக்குள் நீண்ட மேடும் மணல்திட்டும் படகுகளுக்கு ஒதுங்கிடம் தந்தன. தேரியில் பனையே பெருஞ்செல்வம். ஆலந்தலை போன்ற ஊர்கள் கடலையே நம்பி வாழ்ந்தன.

துறைமுகப் பெருமை மங்கிய பின்னும் காயல்பட்டினம் அழியவில்லை. இலங்கை வணிகமும் மார்க்கக் கல்வியும் அதனைத் தாங்கின. சதக்கத்துல்லா அப்பா (ரஹ்) போன்ற பேரறிஞர்களைத் தந்த ஊர் அது. ஆனால் முத்துக்குளிப்பு மீளவில்லை. தூத்துக்குடியில் கடைசியாக அது நடைபெற்றது 1961இல்.

'காயல்' என்னும் சொல்லுக்குக் கடலையொட்டிய உப்பங்கழி என்பது பொருள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, தாமிரபரணிக் கரையோர ஊர்கள் நீரில் மிதந்தன. அந்த வெள்ளம் பள்ளி, கோயில், தேவாலயம் என்று வேறுபாடு பார்க்கவில்லை. நம் முன்னோர் ஊருக்கு இட்ட பெயர் நிலத்தைப் பற்றிய அறிவுமாகும். நீர் செல்லும் வழிகளையும் கழிகளையும் காப்பது இக்கரையில் வாழும் அனைவரின் பொதுக் கடமையாகும்.