அணு உலைக் காவலர்கள் - 9: அனுமதி வேண்டுமா என்று முடிவு செய்வது யார்?

சென்ற வாரம் மில்ஸ்டோன் அணுமின் நிலையத்தின் கதையில் நிறுத்தியிருந்தோம். உலையின் எரிபொருள் முழுவதையும் மொத்தமாக வெளியே எடுத்துக் குளத்தில் அடுக்கும் வழக்கம் உரிமத்தில் சொன்னதற்கு மாறானது என்று ஜார்ஜ் கலாடிஸ் என்ற பொறியாளர் விடாமல் சொல்லிவந்தார். 1996 மார்ச்சில் 'டைம்' இதழ் அவர் படத்தை அட்டையில் போட்டது. அந்த ஆண்டின் பாதிக்குள் கனெக்டிகட் மாநிலத்தின் அந்த மூன்று உலைகளும் நின்றிருந்தன. முதல் உலை மறுபடி ஓடவே இல்லை. அடுத்த ஆண்டு 21 லட்சம் டாலர் அபராதம் விதித்த அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் (இனி என்.ஆர்.சி.), இத்தனை குழப்பத்துக்கும் நடுவில் கிடந்த ஒரு விதியைத் திருத்தி எழுத உட்கார்ந்தது.

அந்த விதியின் எண் 50.59. அணுமின் துறையில் வேலை பார்ப்பவர்கள் அதற்குப் பெயர் வைக்கவில்லை. எண்ணையே பெயராகச் சொல்கிறார்கள். 1962இலிருந்து இருக்கும் விதி அது. வீட்டுக்கு வெள்ளையடிக்க மாநகராட்சியைக் கேட்க வேண்டாம், மாடி எழுப்பக் கேட்டாக வேண்டும் என்பது போன்ற ஏற்பாடு. உலையில் ஆண்டுதோறும் எத்தனையோ மாற்றங்கள் நடக்கும். வால்வு மாறும், பம்பு மாறும், கணக்குப் போடும் முறை மாறும். ஒவ்வொன்றுக்கும் உரிமத் திருத்தம் கேட்டால் ஆலையும் ஓடாது, ஆணையமும் ஓடாது. ஆகவே ஆலை நிர்வாகம் சில கேள்விகளைத் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த மாற்றத்தால் விபத்துக்கான வாய்ப்பு கூடுமா? கருவி பழுதாகும் வாய்ப்பு கூடுமா? இதுவரை யோசிக்காத புதுவகை விபத்து நேருமா? பாதுகாப்பு அறிக்கையில் சொன்ன கணக்கு முறையிலிருந்து விலகுகிறோமா? இப்படி எட்டு. எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று பதில் வந்தால் மாற்றத்தைச் செய்துவிட்டுக் கோப்பில் எழுதி வைக்கலாம். இரண்டாண்டுக்கு ஒருமுறை ஆணையத்துக்குச் சுருக்கம் அனுப்பினால் போதும். ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் உரிமத் திருத்தம் கேட்டாக வேண்டும். அங்கே பொது அறிவிப்பு, கருத்துக் கேட்பு, யாராவது எதிர்த்தால் நீதிபதிகள் முன் விசாரணை என்று கதவுகள் திறக்கும்.

1999இல் வந்த திருத்தம் இந்தக் கேள்விகளை ஓரளவு இளக்கியது. அதுவரை வாய்ப்பு துளி கூடினாலும் அனுமதி வேண்டும் என்று படிக்க இடமிருந்தது. இனி 'மிகச் சிறிய அளவைத் தாண்டிக் கூடினால்' மட்டும். நியாயமான திருத்தம்தான். ஆனால் அந்த எட்டுக் கேள்விகளுக்கும் முதலில் பதில் எழுதுகிற கை, மாற்றத்தைச் செய்ய விரும்புகிறவரின் கை. அது மாறவில்லை. சான் ஓனோஃப்ரே கதை முழுக்க அந்தக் கையைப் பற்றியது.

லாஸ் ஏஞ்சலஸுக்கும் சான் டியாகோவுக்கும் நடுவே, பசிபிக் கரையிலேயே நின்ற ஆலை அது. 2, 3 எண்ணிட்ட இரண்டு உலைகள், ஒவ்வொன்றும் சுமார் 1,100 மெகாவாட். நடத்தியது சதர்ன் கலிபோர்னியா எடிசன் நிறுவனம். ஒவ்வோர் உலைக்கும் இரண்டு நீராவி ஜெனரேட்டர்கள். உலையில் சூடேறிவரும் கதிரியக்க நீர் ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்களுக்குள் ஓடும். வெளியே இருக்கும் சுத்த நீர் அந்தச் சூட்டில் ஆவியாகி டர்பைனைச் சுழற்றும். குழாய்ச் சுவரின் தடிமன் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். ஒரு பக்கம் கதிரியக்கம், மறுபக்கம் வெளியுலகம். இடையில் இருப்பது அந்த ஒரு மில்லிமீட்டர்தான். கணக்குக்காரருக்கு அது ஒரு வெப்பமாற்றி. பாதுகாப்புப் பொறியாளருக்கு அது உலையின் எல்லைச் சுவர்.

பழைய ஜெனரேட்டர்களில் குழாய்கள் அரித்துவிட்டன. புதியவற்றை ஜப்பானின் மிட்சுபிஷி கனரகத் தொழிற்சாலையில் செய்ய ஏற்பாடாயிற்று. செலவு சுமார் 67 கோடி டாலர். ஒவ்வொன்றும் 600 டன்னுக்கு மேல் எடை; உள்ளே கொண்டுபோக உலைக் கட்டடத்தின் கான்கிரீட் சுவரையே வெட்டித் திறக்க வேண்டியிருந்தது. பழையதற்குப் பதில் பழையதைப் போலவே ஒன்று, ஆகவே 50.59 போதும் என்பது எடிசனின் வாதம். குழாய்ச் சோதனை போன்ற சில வரிகளுக்கு மட்டும் உரிமத் திருத்தம் கேட்டார்கள், 2009இல் கிடைத்தது. ஜெனரேட்டரின் வடிவமைப்பு அந்த வழியில் ஆய்வுக்குப் போகவில்லை.

'பழையதைப் போலவே'தானா? பழையதில் 9,350 குழாய்கள், புதியதில் 9,727. குழாயின் உலோகக் கலவை வேறு. பழையதன் நடுவில் இருந்த தாங்கு உருளை எடுக்கப்பட்டு, அந்த இடத்திலும் குழாய்கள் வந்தன. குழாய்கள் அதிராமல் பிடிக்கும் பட்டைகளின் அமைப்பும் வேறு. ஒவ்வொன்றையும் தனியே பார்த்தால் சின்ன மாற்றம். 2004 நவம்பரிலேயே எடிசனின் துணைத் தலைவர் ஒருவர் மிட்சுபிஷிக்கு எழுதிய கடிதத்தில், புதிய ஜெனரேட்டர்கள் பழையவற்றைப் போல என்று சொன்னாலும் அப்படியே அல்ல, வடிவமைப்புப் பிழை புகுந்துவிட்டால் இரு நிறுவனங்களுக்குமே பேரிடராகும் என்று கவலை தெரிவித்திருந்தார். செனட்டர் பார்பரா பாக்ஸர் 2013இல் அந்தக் கடிதத்தை வெளியிட்டபோதுதான் உலகம் அதைப் படித்தது.

2012 ஜனவரி 31. மூன்றாம் உலையின் ஒரு குழாய் கசிந்தது. பெரிய கசிவு அல்ல. நாளொன்றுக்குச் சுமார் 300 லிட்டர் என்ற கணக்கில், உரிமம் பொறுத்துக்கொள்ளும் அளவில் ஏறத்தாழ பாதி. வெளியே போன கதிரியக்கம் மிகக் குறைவு. உலையை உடனே நிறுத்தினார்கள். திறந்து பார்த்தபோது திகைப்பு. ஓராண்டுகூட ஓடாத ஜெனரேட்டரில் குழாயோடு குழாய் உரசித் தேய்ந்திருந்தது. 129 குழாய்களுக்குள் அழுத்தம் ஏற்றிச் சோதித்ததில் எட்டு தோற்றன. எரிபொருள் மாற்ற ஏற்கெனவே நிறுத்தியிருந்த இரண்டாம் உலையிலும் தேய்மானம் இருந்தது. இரண்டிலுமாகத் தேய்மானம் தெரிந்த குழாய்கள் மூவாயிரத்துக்கும் மேல்.

காரணம் கண்டுபிடிக்கப்பட்டது. நீராவியின் வேகத்தை மிட்சுபிஷியின் கணினி நிரல் குறைத்துக் கணக்கிட்டிருந்தது. வளைந்த மேல்பகுதியில் நீராவி அதிகம், நீர் குறைவு. அதிர்வை அடக்க ஈரம் போதவில்லை. வளைவின் தளத்துக்குக் குறுக்கே குழாய் ஆடாமல் தடுக்கவே வடிவமைப்பாளர்கள் யோசித்திருந்தார்கள். இங்கே குழாய்கள் அந்தத் தளத்திலேயே ஆடின. ஒரு வேடிக்கை: மூன்றாம் உலையின் பட்டைகள் இரண்டாம் உலையினதைவிடத் துல்லியமாகச் செய்யப்பட்டவை. துல்லியம் கூடியதால் குழாய்மீது பட்டையின் பிடி குறைந்தது. பிடி குறைந்ததால் ஆட்டம் கூடியது. நன்றாகச் செய்ததே வினையாயிற்று என்று மிட்சுபிஷியின் அறிக்கையே சொல்கிறது.

அதே அறிக்கையில் இன்னொரு பத்தி இருக்கிறது. என்னைக் கேட்டால் இந்த வழக்கின் உயிர்நாடி அதுதான். நீராவியின் பங்கு வழக்கத்தைவிட அதிகம் என்று வடிவமைப்புக் குழு முன்பே உணர்ந்திருக்கிறது. அதைக் குறைக்கச் சில மாற்றங்களையும் யோசித்திருக்கிறது. அவற்றைக் கைவிட்டதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று: அப்படி மாற்றினால், 50.59இன் கீழ் இதை நியாயப்படுத்துவது சிரமமாகலாம். பாதுகாப்பை விட்டுக்கொடுக்கவில்லை என்று இரு நிறுவனங்களும் மறுத்தன. அவர்கள் மனத்தில் தீய எண்ணம் இருந்தது என்று நானும் சொல்லவரவில்லை. ஆனால் அனுமதி கேட்க வேண்டுமா என்று அளந்து பார்க்க வைத்த விதி, அனுமதி கேட்காமலிருக்க என்னென்ன செய்யலாம் என்ற எல்லைக்கோடாக மாறிவிட்டது என்பது அந்தப் பத்தியைப் படித்தால் தெரியும்.

2012 ஜூனில் 'ஃபிரெண்ட்ஸ் ஆஃப் தி எர்த்' அமைப்பு என்.ஆர்.சி.யிடம் மனுப் போட்டது. ஜெனரேட்டர் மாற்றத்துக்கே உரிமத் திருத்தம் கேட்டிருக்க வேண்டும், இனியாவது பொது விசாரணை வேண்டும் என்பது கோரிக்கை. அவர்களுக்காகப் பேசிய பொறியாளர் அர்னி குண்டர்சன், எட்டுக் கேள்விகளுக்கு நேர்மையாகப் பதில் எழுதியிருந்தால் 'ஆம்' வந்திருக்கும் என்றார். என்.ஆர்.சி. ஆய்வுக்குழு சில கணக்கு முறை மாற்றங்களில் குறை கண்டதே தவிர, மொத்த முடிவையும் தவறு என்று சொல்லவில்லை.

அக்டோபரில் எடிசன் ஒரு திட்டத்தோடு வந்தது. இரண்டாம் உலையை 70 சதவீதத் திறனில் ஐந்து மாதம் ஓட்டிவிட்டு நிறுத்திப் பார்ப்போம் என்றது. இதில்தான் சட்டத்தின் நுணுக்கம் மாட்டிக்கொண்டது. சாதாரண இயக்கத்தின் முழு வீச்சிலும் குழாய்கள் தாங்க வேண்டும் என்கிறது உரிமம். முழு வீச்சு என்றால் நூறு சதவீதம். எழுபதில் மட்டும் தாங்கும் என்றால் உரிமம் நிறைவேறுமா என்று என்.ஆர்.சி. ஊழியர்களே கேட்டார்கள். விளக்கம் சொல்லிப் பார்த்த எடிசன், 2013 ஏப்ரலில் வேறு வழியின்றி உரிமத் திருத்தமே கேட்டது: எழுபதையே முழுத் திறனாக எழுதிக்கொள்ள அனுமதி. இதில் குறிப்பிடத்தக்க ஆபத்து ஏதுமில்லை என்று ஊழியர்கள் முதல்கட்டக் கருத்தும் சொல்லிவிட்டார்கள். அப்படிச் சொன்னால், யாராவது விசாரணை கேட்டாலும் அது முடியும்வரை காத்திராமல் திருத்தத்தை வழங்கிவிடலாம்.

மே 13. என்.ஆர்.சி.யின் அணு பாதுகாப்பு மற்றும் உரிம வாரியம், மூன்று நீதிபதிகள், தீர்ப்புச் சொன்னார்கள். மறுதொடக்கத்துக்காக ஆணையமும் எடிசனும் நடத்திவரும் கடிதப் போக்குவரத்தே, பெயர் எதுவானாலும், நடைமுறையில் உரிமத் திருத்தம்தான். மக்களுக்கு அதில் விசாரணை கேட்கும் உரிமை உண்டு. ஜூன் 7ஆம் தேதி, இரண்டு உலைகளையும் நிரந்தரமாக மூடுவதாக எடிசன் அறிவித்தது. விசாரணை எப்போது முடியும் என்று தெரியாமல் செலவு செய்துகொண்டிருக்க முடியாது என்பது காரணம். சுமார் 1,500 பேர் வேலை பார்த்த இடத்தில் 400 பேர் போதும் என்றானது. மனுவே பொருளற்றுப்போனதால் அந்தத் தீர்ப்பையும் ஆணையம் பிறகு ரத்து செய்துவிட்டது. முன்னுதாரணமாக எடுத்துக்காட்டக்கூட அது மிச்சமில்லை.

உரிமத் திருத்தம் கேட்டிருந்தால் பிழை பிடிபட்டிருக்குமா? எதிர்ப்பாளர்கள் 'நிச்சயமாக' என்றார்கள். எனக்கு அந்த நிச்சயம் இல்லை. தவறு இருந்தது உற்பத்தியாளரின் கணினி நிரலுக்குள். ஆணைய ஊழியர்கள் அதைத் தோண்டியிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் கேள்வி கேட்கும் அதிகாரம் உள்ள ஒருவர் முன்னால் வடிவமைப்பு மேசைமீது விரிந்திருக்கும். 2014 அக்டோபரில் என்.ஆர்.சி.யின் தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகமும், எடிசனின் 50.59 ஆவணங்களைச் சரியாக ஆராயும் வாய்ப்பை ஆணையம் தவறவிட்டது என்றே எழுதியது.

பணக்கணக்கு தனிக்கதை. கட்டணத்தை நிர்ணயிக்கும் கலிபோர்னியா ஆணையத்தின் தலைவர் மைக்கேல் பீவி, 2013 மார்ச்சில் வார்சா நகரின் ஓட்டல் ஒன்றில் எடிசன் அதிகாரியைச் சந்தித்து, ஓட்டல் காகிதத்திலேயே சமரசக் குறிப்பு எழுதியது பின்னாளில் வெளியானது. இதுபோன்ற சந்திப்புகளை உரிய நேரத்தில் தெரிவிக்காததற்காக எடிசனுக்கு 1.67 கோடி டாலருக்கு மேல் அபராதம். 2014இன் சமரசப்படி 470 கோடி டாலர் சுமையில் 330 கோடியை நுகர்வோர் தலையில் வைத்தார்கள்; கூச்சலுக்குப் பிறகு 2018இல் 77.5 கோடி குறைந்தது. மிட்சுபிஷியிடம் எடிசன் தரப்பு கேட்டது 757 கோடி. 2017 மார்ச்சில் நடுவர் மன்றம் கொடுக்கச் சொன்னது 12.5 கோடி. அந்த 470 கோடியின் பெரும்பங்கு தென்கலிபோர்னியாவின் வீட்டு மின்கட்டண ரசீதுகளில் போய்ச் சேர்ந்தது.

அடுத்த வாரம், 'குறிப்பிடத்தக்க ஆபத்து ஏதுமில்லை' என்ற அந்த வாசகத்துக்கு, விசாரணை முடியும் முன்பே திருத்தத்தை வழங்கிவிடும் பலம் எப்படி வந்தது என்பதைப் பார்ப்போம். அதற்கு திரீ மைல் தீவுக்கு, 1980ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

(தொடரும்)