கரும்பில் ஓடும் வண்டி!

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு அருகே சாலையோரத்தில் ஒரு மெக்கானிக் கடை. பழைய ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வந்தார்.

"முன்னே மாதிரி மைலேஜ் கொடுக்கலையே அண்ணே, என்ன கோளாறு?"

"வண்டியிலே கோளாறு இல்லே சார். பெட்ரோலிலே கரும்பு கலந்திருக்கு!" என்று சிரித்தார் மெக்கானிக்.

வேடிக்கைப் பேச்சுதான். ஆனால் அதில் உண்மையும் உண்டு.

எத்தனால் ஒரு வகைச் சாராயம். சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகு, கரும்புச்சாறு, மக்காச்சோளம், அரிசி ஆகியவற்றைப் புளிக்க வைத்துக் காய்ச்சி, நீரைப் பிரித்தெடுத்த பிறகு பெட்ரோலுடன் கலக்கிறார்கள்.

இது புது யோசனை அல்ல. 1948-லேயே இந்தியாவில் இதற்கென ஒரு சட்டம் பிறந்தது. பிரேசில் நாடு 1975-ல் பெரிய அளவில் இறங்கியது. நம் நாட்டில் 2003-ல் 5 சதவீதம் கலக்கத் தொடங்கினார்கள். 2022-ல் அது 10 ஆயிற்று. 2025-ல் 20 ஆயிற்று.

நன்மை என்ன?

நமக்குத் தேவையான கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. அதற்குக் கொடுக்கும் அன்னியச் செலாவணியில் ஒரு பகுதி மிச்சம். கரும்பு விவசாயிக்கு இன்னொரு சந்தை. எத்தனாலுக்கு ஆக்டேன் எண் அதிகம்; எஞ்சின் 'டக் டக்' என்று தட்டாது. புகையில் கார்பன் மோனாக்சைடும் குறையும்.

தீமை என்ன?

ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. பழைய வகைக் கார்களில் 6-7 சதவீதமும், இரு சக்கர வண்டிகளில் 3-4 சதவீதமும் மைலேஜ் குறையும் என்று நிதி ஆயோக் 2021-ல் கூறியது. ஆகவே 45 கிலோ மீட்டர் கொடுத்த ஸ்கூட்டர் 43-க்கு இறங்கினால் எத்தனால் மீது பழி போடலாம். 35-க்கு இறங்கினால் கார்புரேட்டரைத்தான் பார்க்க வேண்டும்!

இன்னொன்று: எத்தனால் தண்ணீரை இழுக்கும். 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் அம்பத்தூர் மூழ்கியது நினைவிருக்கும். அப்படி டாங்கிக்குள் நீர் புகுந்தால், எத்தனாலும் நீரும் சேர்ந்து அடியில் தங்கிவிடும். டாங்கியை வடித்துச் சுத்தம் செய்யாமல் வண்டியைக் கிளப்பக் கூடாது. பழைய வண்டியின் ரப்பர் குழாய்களையும் அவ்வப்போது பார்த்து மாற்றுவது நல்லது.

எல்லாவற்றிலும் பெரிய கேள்வி தண்ணீர்தான். கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுக்கச் சுமார் 2,860 லிட்டர் நீர் தேவை என்பது அதே அறிக்கையின் கணக்கு. ஸ்கூட்டரில் 5 லிட்டர் பெட்ரோல் போட்டால் அதில் 1 லிட்டர் எத்தனால். 15 லிட்டர் குடத்தால் அளந்தால் சுமார் 190 குடம்! பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரி 2019 கோடையில் வறண்டதையும், காலிக் குடங்களுடன் தெருவில் நின்றதையும் நம் தாய்மார்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

மக்காச்சோளத்தை வண்டிக்குக் கொடுத்தால் கோழிக்குத் தீவனம் விலை ஏறும். முட்டை விலையும் கூடவே ஏறும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. வைக்கோலிலிருந்தே எத்தனால் எடுக்கும் ஆலை அரியானாவின் பானிப்பட்டில் 2022-ல் திறக்கப்பட்டது. வயலில் கொளுத்திவிடும் வைக்கோல் வண்டியை ஓட்டுமானால் யாருக்கு நஷ்டம்?

வண்டி ஓடட்டும். ஆனால் குடத்து நீரையும் தட்டுச் சோற்றையும் குடித்துவிட்டு ஓட வேண்டாம்!