மின்னல் பாடத்துக்கு இசை வேண்டாம்

பள்ளிப் பிள்ளைகளுக்கான அறிவியல் காணொளிகள் தயாரிப்பது என் வேலை. புதுப் பாடத்தைப் போட்டுக் காட்டினால் ஆசிரியர்கள் பலரும் சொல்வது இதுதான்: "பின்னாடி கொஞ்சம் மியூசிக் போடுங்க சார், இல்லன்னா பசங்க தூங்கிடுவாங்க." நான் போடுவதில்லை.

கலிபோர்னியாவின் சான்டா பார்பரா பல்கலைக்கழக உளவியலாளர் ரிச்சர்ட் மேயர், படமும் சொல்லும் சேர்ந்த பாடங்களைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்தவர். மின்னல் உண்டாவதை விளக்கும் அசைபடம் ஒன்றை, அவரும் ரோக்ஸானா மொரேனோவும் சிலருக்கு விளக்கவுரையோடு மட்டும் காட்டினார்கள். சிலருக்கு மெல்லிசையும் சேர்த்துக் காட்டினார்கள். ஆய்வு 2000இல் வெளியானது. இசையோடு பார்த்தவர்களுக்குப் பாடம் குறைவாகவே நினைவில் நின்றது. கற்றதை வைத்துப் புதுக் கேள்விகளுக்கு விடை தேடுவதிலும் அவர்கள் பின்தங்கினார்கள்.

கண்ணால் பார்ப்பதையும் காதால் கேட்பதையும் மனம் தனித்தனியே வாங்கிக்கொள்கிறது. இரண்டுமே ஒரு நேரத்தில் கொஞ்சம்தான் தாங்கும் என்கிறார் மேயர். விளக்கத்துக்கு வேண்டிய இடத்தை இசை எடுத்துக்கொள்கிறது. பேசுவதை அப்படியே திரையில் எழுத்தாக ஓட விட்டாலும் இதே கதிதான்: பிள்ளை எழுத்தை வாசிப்பதற்குள் படம் நகர்ந்துவிடும். 'மின்னூட்டம்' போன்ற புதுச் சொல் வரும்போது மட்டும் அந்த ஒரு சொல்லைப் படத்துக்குப் பக்கத்திலேயே எழுதுவேன். ஆங்கில வழியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இன்னும் சில சொற்களை எழுதிக் காட்டத்தான் வேண்டும். பழகாத மொழியைக் காது மட்டும் பிடித்துவிடாது.

சுவாரசியத்துக்காகச் சேர்க்கும் துணுக்குகளிலும் எனக்குக் கவனம் உண்டு. மேயரும் ஷானன் ஹார்ப்பும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், மின்னல் பற்றிய சுவையான தகவல்கள் பாடத்தின் தொடக்கத்தில் வந்தபோது கெடுதல் கூடுதல். கடைசியில் வந்தபோது குறைவு. விமானத்தை மின்னல் தாக்கிய செய்தியோடு தொடங்கினால், பிள்ளை பாடம் முழுவதையும் விபத்துக் கதையாகவே கேட்கும். மேகத்துக்குள் மின்னூட்டம் எப்படிப் பிரிகிறது என்பது காதில் ஏறாது. அந்தச் செய்தியை நான் கடைசியில்தான் வைப்பேன்.

இன்னொரு சோதனையில், சுமார் 140 விநாடி ஓடும் அதே மின்னல் படத்தை 16 துண்டுகளாக்கி, பார்ப்பவரே பொத்தானை அழுத்தி அடுத்ததற்குப் போகும்படி செய்தார்கள். நிற்காமல் ஓடிய படத்தைப் பார்த்தவர்களைவிட இவர்களுக்கு நன்றாகப் புரிந்திருந்தது. நம் வகுப்பறைகளில் பெரும்பாலும் எல்லோருக்கும் ஒரே திரை. பொத்தான் ஆசிரியர் கையில். மேகத்தின் அடியில் எதிர் மின்னூட்டம் சேரும் இடத்தில் படத்தை நிறுத்துங்கள். அடுத்து என்ன நடக்கும் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். அவர்கள் பேசி முடித்த பிறகு ஓட விடுங்கள்.