குழந்தையைப் பார்க்கும் இளம் டாக்டர் ஏன் இத்தனை கேள்வி கேட்கிறார்?

மூணு நாளா காய்ச்சல். கைக்குழந்தையோடு தாலுகா அரசு மருத்துவமனைக்கு வந்திருக்கீங்க. குழந்தைகள் நலப் பிரிவுக்குள் போனால், கல்லூரி மாணவர் மாதிரி ஒரு இளம் டாக்டர். பக்கத்து மேஜையில் குழந்தை நல மருத்துவர். இளம் டாக்டர் கேட்டுக்கிட்டே இருக்கிறார்: "பால் எத்தனை தடவை குடிச்சான்? கடைசியா எப்போ யூரின் போனான்? என்ன மருந்து கொடுத்தீங்க?"

"சாதாரண காய்ச்சலுக்கு இத்தனை கேள்வியா? இவருக்குத் தெரியுமா, தெரியாதா?" என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் அந்தக் கேள்விகள்தான் சிகிச்சையின் முதல் பாதி. பெரியவர்கள் "இங்கே வலிக்குது" என்று சொல்லிவிடுவார்கள். குழந்தைக்காக நீங்கள்தான் சொல்லணும்.

அந்த இளம் டாக்டர் யார்?

இரண்டு வகையினர் இருக்கலாம். ஒருவர் ஹவுஸ் சர்ஜன். நாலரை ஆண்டு எம்.பி.பி.எஸ். பாடங்களை முடித்துவிட்டு, ஓராண்டு கட்டாயப் பயிற்சியில் இருப்பவர். இன்னொருவர் பி.ஜி. டாக்டர். எம்.பி.பி.எஸ். முடித்து, மருத்துவராகப் பதிவும் செய்து, குழந்தைகள் நலத்தில் 3 ஆண்டு எம்.டி. படித்துக்கொண்டிருப்பவர்.

பட்டமேற்படிப்பு படிக்கும் டாக்டர்கள் 3 மாதம் மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனையில் வேலை செய்தே ஆகணும் என்ற விதி 2020-ல் வந்தது. இதற்குப் பெயர் மாவட்ட ரெசிடென்சி திட்டம்.

ஏன் இந்த விதி? பெரிய மருத்துவக் கல்லூரிக்கு வரும் குழந்தைகளில் பலர், வேறு இடத்தில் பார்த்து, டெஸ்ட் எடுத்து, கடிதத்தோடு வருகிறார்கள். ஊர்ப்புற மருத்துவமனைக்குக் குழந்தை வீட்டிலிருந்து நேராக வருகிறது. கையில் ரிப்போர்ட் எதுவும் இருக்காது. இது சாதாரண சளியா, உடனே அட்மிஷன் போடணுமா என்பதை அங்கேயே முடிவு செய்யணும். அந்தக் கண்ணை அனுபவமுள்ள குழந்தை நல மருத்துவர் பக்கத்தில் இருந்துதான் கற்க முடியும்.

முதல் பாடம்: தொடாமல் பார்ப்பது

ஸ்டெதஸ்கோப்பை வைத்ததும் குழந்தை அழ ஆரம்பித்துவிடும். அழும் குழந்தையிடம் மூச்சை எண்ண முடியாது. அதனால் அம்மா மடியில் அமைதியாக இருக்கும்போதே பார்த்துவிடு என்பதுதான் சீனியர் சொல்லித்தரும் முதல் பாடம். நம்மைப் பார்க்கிறதா, சோர்ந்து கிடக்கிறதா? மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிகிறதா?

பிறகு மூச்சை எண்ணுவார்கள். முழுசா ஒரு நிமிடம். வயிறு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 'வேக மூச்சு' என்பது:

• 2 மாதத்துக்குள்: நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல்
• 2 மாதம் முதல் 1 வயதுக்குள்: 50 அல்லது அதற்கு மேல்
• 1 வயது முதல் 5 வயதுக்குள்: 40 அல்லது அதற்கு மேல்

இருமல், சளியோடு வேக மூச்சும் இருந்தால் நிமோனியா இருக்கலாம். இதை எக்ஸ்ரே இல்லாமலே, கடிகாரம் ஒன்றை வைத்துச் சந்தேகிக்க முடியும். டாக்டர் பேசாமல் குழந்தையின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தால், அவர் எண்ணிக்கொண்டிருக்கிறார். அந்த ஒரு நிமிடம் குழந்தையை அமைதியாக வைத்திருங்கள்.

இரண்டாவது பாடம்: எடை பார்க்காமல் மருந்து இல்லை

குழந்தைகளுக்கு மருந்தின் அளவு பெரும்பாலும் எடையை வைத்துத்தான். காய்ச்சலுக்கான பாராசிட்டமால் ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. அதாவது 10 கிலோ குழந்தைக்கு 100 முதல் 150 மி.கி.

சிக்கல் பாட்டிலில் இருக்கிறது. ஒரு சிரப்பில் 5 மி.லி.க்கு 120 மி.கி. இருக்கும். இன்னொன்றில் அதே 5 மி.லி.க்கு 250 மி.கி. சொட்டு மருந்தில் 1 மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும். "போன தடவை 5 மி.லி. கொடுத்தோம், இப்பவும் அதையே கொடுப்போம்" என்று பாட்டிலை மாற்றிக் கொடுத்தால், குழந்தைக்கு இரண்டு மடங்கு, சில நேரம் அதற்கும் மேலே போய்விடும். அதனால்தான் "என்ன மருந்து?" என்பதோடு "எந்த பாட்டில், எத்தனை மி.லி., எத்தனை மணிக்கு?" என்றும் கேட்கிறார்கள். வீட்டு ஸ்பூன் வேண்டாம். மருந்தோடு வரும் அளவு மூடியைப் பயன்படுத்துங்கள்.

மூன்றாவது பாடம்: திட்டாமல் கேட்பது

"தொக்கம் எடுத்தோம்", "உரம் விழுந்திருக்குன்னு தட்டினோம்", "வசம்பு உரைச்சு ஊத்தினோம்", "கழுதைப்பால் கொடுத்தோம்". இதையெல்லாம் டாக்டரிடம் சொன்னால் திட்டுவாரோ என்று பலர் மறைத்துவிடுகிறோம். மறைத்தால் சிகிச்சை தவறான திசையில் போகலாம். கோபப்படாமல் கேட்டால்தான் உண்மை வரும் என்பதும் இளம் டாக்டர்களின் பயிற்சியில் ஒரு பகுதி. நீங்களும் தயங்காமல் சொல்லுங்கள். முதல் 6 மாதம் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்பதையும் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிவையுங்கள்.

உங்க போன் எப்படி உதவும்?

• வீடியோ: வலிப்பு, வித்தியாசமான மூச்சு, இருமல் எல்லாம் மருத்துவமனைக்கு வரும்போது நின்றுபோயிருக்கலாம். பாதுகாப்பாக எடுக்க முடிந்தால் சில விநாடி வீடியோ எடுங்கள். வலிப்பு வந்தால் முதல் வேலை குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைப்பது. வாயில் எதையும் வைக்காதீர்கள், கையில் சாவிக்கொத்து திணிக்காதீர்கள். உடனே 108.
• போட்டோ: கொடுத்த மருந்துகளின் லேபிள், தடுப்பூசி அட்டை, பழைய சீட்டு.
• ஸ்டாப்வாட்ச்: குழந்தை தூங்கும்போது மூச்சை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள்.
• குறிப்பு: காய்ச்சல் அளவு, பால் குடித்தது, வாந்தி, பேதி, யூரின். நேரத்தோடு எழுதிவையுங்கள்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

கீழே உள்ளதில் ஒன்று இருந்தாலும் டோக்கன் வரிசையில் நிற்க வேண்டாம். நர்ஸிடம் உடனே சொல்லுங்கள். வீட்டில் இருந்தால் 108-ஐ அழையுங்கள்.

• பாலோ தண்ணீரோ குடிக்க முடியவில்லை
• குடிப்பது எல்லாமே வாந்தியாக வருகிறது
• வலிப்பு
• எழுப்பினாலும் சரியாக விழிக்கவில்லை, துவண்டு கிடக்கிறது
• மூச்சு இழுக்கும்போது நெஞ்சு குழிகிறது
• 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல், அல்லது உடம்பு சில்லிட்டிருப்பது

பேதி என்றால் ஓ.ஆர்.எஸ். கொடுக்கத் தாமதிக்க வேண்டாம். 1 லிட்டருக்கான பெரிய பாக்கெட் என்றால், காய்ச்சி ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் முழு பாக்கெட்டையும் கலக்கணும். பாதி பாக்கெட், ஒரு டம்ளர் என்று கண்ணளவில் கலக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குப் பிறகு மீதியைக் கொட்டிவிடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். டாக்டர் எழுதித் தரும் துத்தநாக மாத்திரையை, பேதி நின்றாலும் 14 நாளும் கொடுக்கணும்.

நீங்களும் கேட்கலாம்

"நீங்க பயிற்சி டாக்டரா? சீனியர் டாக்டரும் ஒருமுறை பார்ப்பாரா?" என்று மரியாதையாகக் கேட்பதில் தவறே இல்லை. குழந்தைக்கு என்ன பிரச்சினை, எந்த மருந்து எதற்கு, எந்த அறிகுறி வந்தால் திரும்ப வரணும் என்ற மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டே கிளம்புங்கள். வீட்டுக்குப் போன பிறகு சந்தேகம் வந்தால் 104 உதவி எண்ணில் ஆலோசனை பெறலாம். 104, 108 இரண்டையும் இப்போதே போனில் சேமித்துவையுங்கள். வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி போனிலும் சேர்த்துக் கொடுங்கள்.