மேல்மலையில் ஸ்ட்ராபெரி: நடும் முன் மண்ணைக் கவனியுங்கள்

கொடைக்கானல் மேல்மலையில் உள்ள கவுஞ்சி விவசாயிகளுக்கு உருளைக்கிழங்கும் பூண்டும் கைவந்த பயிர்கள். ஸ்ட்ராபெரி அப்படியல்ல. நாற்றுக்கே பணம் அதிகம் பிடிக்கும். எனவே சிறு விவசாயிகள் முதலில் ஒரு சென்ட் நிலத்தில் நட்டுப் பார்ப்பது நல்லது.

எந்த நிலம்?

உருளைக்கிழங்கு எடுத்த நிலம் பொலபொலவென்று இருக்கும். அதிலேயே நட்டுவிட ஆசை வரும். அங்கேதான் நஷ்டம் காத்திருக்கிறது. உருளை, தக்காளி, மிளகாய், கத்தரி ஆகியவற்றைத் தாக்கும் வெர்டிசிலியம் வாடல் நோய்ப் பூசணம் ஸ்ட்ராபெரியையும் தாக்கும். பயிர் இல்லாதபோதும் அது பல ஆண்டுகள் மண்ணில் தங்கியிருக்கும். ஆகவே, குறைந்தது 3 ஆண்டுகளாக இப்பயிர்கள் வைக்காத நிலமாகப் பாருங்கள். அதில் பூண்டு போட்டிருந்தால் பாதகமில்லை.

ஐந்தாறு இடங்களில் 15 செ.மீ. ஆழத்துக்கு மண் எடுத்துக் கலந்து, அரைக் கிலோவைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். கார அமில நிலை 5.5 முதல் 6.5 வரை இருக்க வேண்டும். புளிப்பு மண்ணாக இருந்தால், பரிந்துரைக்கும் அளவு சுண்ணாம்பை நடவுக்குப் பல வாரங்கள் முன்பே இட்டுக் கொத்திவிடவும்.

மேட்டுப்பாத்தி

மண்ணை நன்கு கொத்தி, புல்வேர்களைப் பொறுக்கி எடுங்கள். சென்ட்டுக்கு 200 கிலோ மக்கிய தொழு உரம் இடுங்கள். பச்சைச் சாணம் ஆகாது.

மகாராஷ்டிரத்தின் மகாபலேஷ்வரில் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்ததும் நடுகிறார்கள். நமக்கோ அதன் பிறகுதான் வடகிழக்குப் பருவமழை. நீர் தேங்கினால் வேர் அழுகும். ஆகவே முக்கால் அடி முதல் ஓரடி உயரம், 2 அடி அகலத்தில் பாத்தி அமைத்து, இடையே ஒன்றரை அடி வாய்க்கால் விட்டு நீரை வடியுங்கள்.

நடவு

பாத்திக்கு இரண்டு வரிசை; செடிக்குச் செடி ஓரடி. சென்ட்டுக்கு 200 முதல் 240 செடிகள் பிடிக்கும். வேருக்கும் இலைக்கும் நடுவே உள்ள குட்டைத் தண்டு மண் மட்டத்தில் இருக்க வேண்டும். புதைந்தால் குருத்து அழுகும். மேலே தூக்கி நின்றால் வேர் காயும். மாலை வேளையில் நட்டு, உடனே நீர் விடுங்கள்.

செடி வேர் பிடித்ததும் வைக்கோல் பரப்புங்கள். பழம் மண்ணில் படாது. ஓடு தண்டுகளைக் கிள்ளிவிடுங்கள். டிசம்பர், ஜனவரி உறைபனியில் பூவின் நடுப்பகுதி கறுத்தால் அதில் காய் பிடிக்காது. பனி விழும் இரவுகளில் செடிகளை மூடி, காலையில் திறந்துவிடுங்கள்.

பறித்த பழம் அதிக நாள் தாங்காது. ஆகவே வாங்குவோரிடம் முன்பே பேசிவிட்டு நடவில் இறங்குங்கள். ரகம், நடவு மாதம் பற்றித் தோட்டக்கலை அலுவலரைக் கலந்து கொள்ளுங்கள்.