ஷாம்பு கெடுதலா?

புனே நகரில் ஒரு தமிழ்க் குடும்பம். மாமியார் சந்தையில் சீயக்காய் வாங்குவார். மராத்தியில் அதற்கு 'ஷிகேகாய்' என்று பெயர். மருமகள் ஷாம்பு பாக்கெட் வாங்குவாள்.

"ஷாம்பு போட்டால் புற்றுநோய் வருமாமே?" என்றார் மாமியார். உண்மையா?

ஷாம்புவில் நுரை தருவது சல்பேட். அது எண்ணெயையும் அழுக்கையும் பிரித்து எடுக்கும். தண்ணீரோடு போய்விடும். அது புற்றுநோய் தரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. 1983-ல் அமெரிக்க நிபுணர் குழு ஒன்று ஆராய்ந்தது. தேய்த்து உடனே நன்றாக அலசினால் ஆபத்து இல்லை என்றது. தோலில் தங்கினால் எரிச்சல் வரும். முடி வறண்டும் போகலாம். கண்ணில் பட்டால் எரியும். சீயக்காயும் எரியத்தானே செய்யும்?

சிலிக்கோன் வேறு. அது முடிமேல் மெல்லிதாகப் படியும். முடி பளபளக்கும். சிக்கு குறையும். தலைக்கு ஆபத்து இல்லை. ஆனால் சில வகைச் சிலிக்கோன் தண்ணீரில் சேர்ந்தால் எளிதில் அழியாது. அதனால் 2020 முதல் ஐரோப்பிய நாடுகளில் அவற்றுக்குக் கட்டுப்பாடு உண்டு.

நாம் என்ன செய்யலாம்? கொஞ்சமாகத் தேய்ப்போம். நன்றாக அலசுவோம். அரிப்போ புண்ணோ வந்தால் நிறுத்துவோம், மருத்துவரிடம் காட்டுவோம். வாங்கும்போது பாக்கெட்டில் காலாவதித் தேதியைப் பார்ப்போம்.

இப்போது நமக்குப் படிக்கத் தெரியுமே!